பாவப் பொறுத்தலை விசுவசிக்கிறோமா?



ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் அனைவரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கின்றோம். முதல் நன்மை வாங்குவதற்கு முன்னரே மனனஞ் செய்துகொண்ட செபம் அது. குழந்தையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாயும், வாரம் முழுவதும் கடலோடு போராடிய தகப்பனும், தூணில் சாய்ந்து நிற்கும் பாட்டியும் ஒரே குரலில் அதனைச் சொல்கின்றனர். வானமும் பூமியும் படைக்கப்பட்டது தொடங்கி நித்திய சீவியம் வரையிலான மாபெரும் மறையுண்மைகள் யாவும் இரண்டு நிமிடங்களுக்குள் நம் நாவைக் கடந்து போய்விடுகின்றன.

அப்போஸ்தலர்களின் விசுவாசப் பிரமாணத்தைத் திருச்சபை பன்னிரண்டு பிரிவுகளாகப் பிரித்துக் கற்பித்து வந்துள்ளது. பெருவிழாக்களில் நாம் சொல்லும் நீண்ட விசுவாசப் பிரமாணம், 325ஆம் ஆண்டு நீசேயாவிலும் 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். நீசேயா பொதுச்சங்கத்தின் 1700ஆவது ஆண்டு நிறைவை 2025இல் அகில உலகத் திருச்சபையும் கொண்டாடியது. இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் இப்பிரமாணத்தில் நமக்கு மிகவும் கடினமான பிரிவு எது என்று நீங்கள் எப்போதாவது உங்களையே கேட்டதுண்டா?

மூவொரு கடவுள் என்னும் மறைபொருள் கடினமானது என்பர் சிலர். கன்னியிடம் பிறந்தார் என்பதும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதும் கடினமானவை என்பர் வேறு சிலர். மனித அறிவுக்கு இவை எட்டாதவை என்பது உண்மையே. ஆயினும் தாய்தந்தையர் ஊட்டிய விசுவாசத்தோடு வளர்ந்த நமது குடும்பங்கள் இவற்றின் முன் தலைவணங்கி ஏற்றுக்கொள்கின்றன. தலைவணங்குவது மட்டும் போதாத பிரிவு ஒன்று உண்டு. அது பத்தாவது பிரிவு: பாவப் பொறுத்தல். இறைவன் என் பாவத்தைப் பொறுக்கிறார் என்று விசுவசிப்பது எளிது. அந்த விசுவாசம், எனக்குத் தீங்கு செய்தவனை நான் என்ன செய்யப்போகிறேன் என்று திரும்பிக் கேட்கும்போதுதான் நாம் தடுமாறுகின்றோம்.

இந்தத் தடுமாற்றத்தை நம்முடைய கரையோரம் அண்மைக்காலத்தில் மிகக் கசப்பாக அனுபவித்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டுவாப்பிட்டியவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பும் நமது கரையோரமும் ஒரே கடலால் மட்டுமல்ல, இரத்த உறவாலும் இணைந்தவை. அன்று அழாத வீடு இக்கரையில் இல்லை.

அந்தக் கண்ணீர் காய்வதற்கு முன்னரே, மே மாதம் 12ஆம் திகதி, சிலாபம் நகரில் ஒரு முகநூல் குறிப்பின் பேரில் கலவரம் மூண்டது. பள்ளிவாசல்கள்மீதும் முஸ்லிம்களின் கடைகள்மீதும் கற்கள் வீசப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் பரவியது. நமது புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் சகோதரர் தம் இல்லத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களோடு அவருக்கு யாதொரு தொடர்பும் இருக்கவில்லை.

கல்லெறிந்தவர் யார், தூண்டிவிட்டவர் யார் என்று தீர்ப்பிடுவது இப்பத்தியின் பணியன்று. ஆனால் கத்தோலிக்க மக்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் சிலாபம். பேராலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்திலேயே அந்தக் கற்கள் பறந்தன. ஆகவே நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி இது: அதற்கு முந்திய ஞாயிறுகளிலெல்லாம் பத்தாவது பிரிவைச் சொன்ன நமது நாவுகள், அன்று தடுத்து நிறுத்தும் நாவுகளாக இருந்தனவா? அல்லது வீட்டுக்குள் இருந்தபடியே, அவர்களுக்கு இது வேண்டும் என்று முணுமுணுத்த நாவுகளாக இருந்தனவா?

அந்நாட்களில் திருச்சபையின் மேய்ப்பர்கள் மௌனமாக இருக்கவில்லை என்பதையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும். பழிவாங்க வேண்டாம், முஸ்லிம் சகோதரர்கள்மீது கை வைக்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்ப வேண்டினார். அடுத்த ஆண்டு, கொள்ளைநோய் காரணமாக ஆலயங்கள் மூடிக்கிடந்த 2020 உயிர்ப்பு ஞாயிறன்று, தொலைக்காட்சி வழியாக நிறைவேற்றிய திருப்பலியில், நம்மை அழிக்க முற்பட்டவர்களை நாம் மன்னித்துவிட்டோம் என்று அவர் அறிவித்தார். பலருக்கு அது புரியவில்லை. சிலருக்குக் கோபமும் வந்தது. பிள்ளையை இழந்த தாயின் சார்பில் மன்னிக்க வேறொருவருக்கு உரிமை உண்டா என்றும் கேட்கப்பட்டது.

அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடலாகாது. அதற்குரிய விடையைத் தேடுமுன், பாவப் பொறுத்தல் என்பதைத் திருச்சபை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்று பார்ப்போம்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிப்பு மனிதரின் பெருந்தன்மையில் தொடங்குவதில்லை, சிலுவையில் தொடங்குகிறது. தம்மை அறைந்தவர்களுக்காக, அறையப்பட்ட அந்த வேளையிலேயே, ஆண்டவர் தந்தையிடம் மன்றாடினார் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அவர்கள் மனம் வருந்தி வந்த பின்னர் அல்ல; அவர்களுடைய கையில் சம்மட்டி இருந்தபோதே மன்றாடினார். அந்தச் சிலுவையிலிருந்து பாயும் மன்னிப்பையே திருமுழுக்கில் முதன்முறையாகப் பெற்றுக்கொள்கின்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும்போதெல்லாம் அதனையே மீண்டும் பெற்றுக்கொள்கின்றோம். நமது தகுதியால் ஈட்டியதன்று, விலைகொடுத்து வாங்கியதுமன்று. கொடையாகப் பெற்றதைக் கொடையாகக் கொடுக்கவே ஆண்டவர் பணிக்கிறார். தாம் கற்பித்த செபத்தில் நாம் பிறரை மன்னிப்பதையும் தந்தை நம்மை மன்னிப்பதையும் அவர் ஒரே வாக்கியத்தில் பிணைத்து வைத்ததன் காரணம் இதுவே.

இதனை விளக்க ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். ஓர் ஊழியன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அரசன் இரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த அவனோ, தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டிய உடன் ஊழியனின் கழுத்தை நெரித்தான். அக்காலத்தில் ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். பதினாயிரம் தாலந்தைக் கூலிவேலை செய்து தீர்ப்பதாயின் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். தீர்க்கவே முடியாத கடன் என்பதே பொருள்.

பொதுவாக மறையுரைகளில் நாங்கள் இத்தோடு நிறுத்திவிடுவதுண்டு. ஆனால் மற்றக் கடனையும் எண்ணிப் பாருங்கள். நூறு தெனாரியம் என்பது நூறு நாட்கூலி. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. கடற்றொழில் செய்யும் நமது குடும்பங்களின் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு பருவத்தின் வருவாய். அதை இழந்த வீட்டில் அடுப்பு எரியாது. உடன் ஊழியனின் கடன் அற்பமானது என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. உனக்கு இழைக்கப்பட்ட தீங்கு உண்மையானது, உன் இழப்பு பெரியது என்று அவர் ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்ட பின்னரே, நீ பெற்ற இரக்கத்தை நினைத்துப் பார் என்கிறார்.

ஆகவே மன்னிப்பதென்பது ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதன்று. மறந்துவிடுவதுமன்று. குற்றவாளியைத் தேடாமல் விடுவதுமன்று. பிள்ளையை இழந்த தாயிடம் போய் எல்லாவற்றையும் மறந்துவிடு அம்மா என்று சொல்பவர் மன்னிப்பைப் போதிப்பவரல்லர். அவருடைய காயத்தின்மீது கால் வைப்பவர். அவருக்குப் பதிலாக வேறெவரும் மன்னித்துவிடவும் முடியாது. அவர் தமக்குரிய காலத்தில், இறைவனின் துணையோடு, அந்த இடத்துக்கு நடந்து வர வேண்டும். கர்தினால் அன்று அறிவித்ததை இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம்: திருச்சபை என்னும் உடல் பழிவாங்காது, வெறுப்பைச் சுமக்காது என்னும் பிரகடனம் அது. அதே கர்தினால் உண்மை வெளிவர வேண்டும், நீதி வழங்கப்பட வேண்டும் என்று கோருவதை நிறுத்தவில்லை என்பதும் நாம் அறிந்ததே. 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோரைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. நீதியைத் தேடி நீதிமன்றத்தின் படியேறுவது மன்னிப்புக்கு எதிரான செயலன்று.

திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனமே இதற்குச் சான்று. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், மனஸ்தாபப்படுதல், இனிப் பாவஞ் செய்வதில்லை எனத் தீர்மானித்தல், குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல். இறைவன் தரும் மன்னிப்பே உண்மையை ஒளிக்கச் சொல்வதில்லை, பரிகாரத்தை விலக்குவதுமில்லை. மன்னிப்பு பெற்ற சக்கேயு தான் ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார் அல்லவா?

பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் வாழ்வும் இதையே காட்டுகிறது. 1981 மே 13ஆம் திகதி புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே சுட்டவரை மன்னிப்பதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27ஆம் திகதி உரோமைச் சிறைக்குச் சென்று, தம்மைச் சுட்ட மெஹ்மெட் அலி அக்காவின் அருகில் அமர்ந்து பேசினார். ஆயினும் அன்று சிறைக் கதவுகள் திறக்கவில்லை; அம்மனிதர் 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தார். சட்டம் தன் வழியே சென்றது. அன்பும் தன் வழியே சென்றது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

இவை தூரதேசத்துப் பெரியோரின் கதைகள், நமக்கு எட்டுமா என்று நீங்கள் எண்ணலாம். நமது மண்ணில் நடந்த ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். கோவாவில் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகளார், கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒல்லாந்தர் தடை விதித்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1690இல் புத்தளத்துக்கு வந்தார். அந்நாளில் புத்தளம் கண்டி அரசனின் ஆளுகைக்குள் இருந்தபடியால், ஒல்லாந்தரின் கட்டளை இங்கு செல்லவில்லை. குருவின் முகத்தையே பல்லாண்டு காணாதிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடித்தேடிச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார். நமது முன்னோர் பெற்ற பாவப் பொறுத்தல் அவர் கைவழியாக வந்தது.

புத்தளத்திலிருந்து 1692இல் அவர் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். குற்றமற்றவர் என்று அரசன் உணர்ந்த பின்னர் விடுதலை பெற்றார். சில ஆண்டுகள் சென்றன. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மக்கள் அஞ்சியோடினர், நோயாளிகள் கைவிடப்பட்டனர். தம்மை ஒற்றர் என்று அடைத்து வைத்த அந்த நகரை விட்டு அடிகளார் ஓடவில்லை. தம் மருமகனாகிய குருவோடு சேர்ந்து, மதம் பாராமல், கைவிடப்பட்டோரைத் தேடி உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் எவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததாகத் தெரியவில்லை. செய்து காட்டினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது, புத்தளம் கரையோரம் தன் பழைய மேய்ப்பர் ஒருவரை மீண்டும் பெற்றுக்கொண்டது.

அன்பார்ந்தவர்களே, இதுவரை மன்னிப்பதைப் பற்றியே பேசினோம். பத்தாவது பிரிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மன்னிப்புக் கேட்பதே அது. தமிழராகிய நாம் பெருங்காயங்களைச் சுமப்பவர்கள். 1983இன் தீயையும் 2009இன் இறுதி மாதங்களையும் நம் குடும்பங்கள் மறக்க இயலாது. அதனாலேயே, நாம் எப்போதும் மன்னிக்க வேண்டியவர்கள் மட்டுமே, மன்னிக்கப்பட வேண்டியவர்கள் அல்லர் என்ற எண்ணம் நமக்குள் எளிதாக வேரூன்றிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது. கையில் பையும் தோளில் குழந்தையுமாக அவர்கள் பெருந்தொகையாக வந்து தங்கியது இந்தப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களது வாழ்வு நமது பங்குகளின் எல்லையிலேயே நடந்தது. அந்தச் செயலை நாம் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் அது நமது பெயரால் செய்யப்பட்டது. அதைப் பற்றி நாம் அவர்களிடம் எப்போதாவது ஒரு வார்த்தை பேசியதுண்டா? 2019இல் அவர்களது கடைகள்மீது மீண்டும் கற்கள் விழுந்தபோது, அவர்களுக்கு அது இரண்டாம் துரத்தலாகத் தோன்றியிருக்குமே என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நாட்டு நிலைமையைப் பேசுவது ஒருவகையில் இலகுவானது. இறுதியாக நமது வீட்டு வாசலுக்கு வருவோம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரர் வள்ளத்தின் பங்கைப் பற்றியோ, வேலியின் எல்லையைப் பற்றியோ, தங்கையின் சீதனத்தைப் பற்றியோ முரண்பட்டு, பத்து ஆண்டுகள் முகம் பாராமல் வாழ்வதைப் பங்குப் பணியில் இருக்கும் எந்தக் குருவும் அறிவார். அவர்கள் இருவரும் ஒரே ஆலயத்துக்கு வருவர். ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் நிற்பர். சமாதானம் பகிரும்போது அண்டை ஊராருக்குக் கைகூப்புவர். உடன்பிறந்தவரின் பக்கம் திரும்பார். பின்னர் ஒரே அப்பத்தை உண்பர். தாயின் மரணச் சடங்கில்கூடப் பெட்டியின் இரு பக்கங்களிலும் பேசாமல் நிற்பர். குண்டு வைத்தவர்களை மன்னிப்பதா என்று விவாதிக்கும் நாம், பத்தாவது பிரிவைத் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சமாதானம் பகிரும் நேரமே. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனுடன் ஒப்புரவாகுமாறு ஆண்டவர் சொன்னதை, திருப்பலிக்குப் பிந்துவதற்கான ஒரே நியாயமான காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

கற்பிட்டிக் குடாநாட்டின் தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு உங்களில் பலர் ஆண்டுதோறும் செல்கின்றீர்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே மரநிழலில் பாய் விரித்து, ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒரே கடற்காற்றில் உறங்குகின்றனர். நம் மறையைச் சாராதவர்களும் அந்தத் தாயின் முன் வந்து நிற்கின்றனர். மொழி தெரியாதவரின் பிள்ளைக்குச் சோறு பகிர்ந்து கொடுக்கும் கை அங்கே இயல்பாகவே நீள்கிறது. அந்தச் சில நாட்களில் நம்மால் முடிவது, ஊருக்குத் திரும்பிய பின் ஏன் முடியாமற் போகிறது? பிள்ளைவரம், தொழில், சுகம் என்று அன்னம்மாளிடம் நேர்ந்துகொள்ளும் நாம், இந்த முறை ஒரு பெயரையும் கொண்டு செல்வோம். நாம் மன்னிக்க முடியாதிருக்கும் ஒருவரின் பெயர். அல்லது நாம் மன்னிப்புக் கேட்கத் துணியாதிருக்கும் ஒருவரின் பெயர். மெழுகுதிரியோடு அதனையும் அங்கே வைப்போம்.

நமது கரைகளில் மாலை வேளையில் வாடிக்கு முன் அமர்ந்து வலை பொத்துவோரைப் பாருங்கள். கிழிந்த வலையை அவர்கள் எறிந்துவிடுவதில்லை. கிழியவில்லை என்று பாசாங்கு செய்து கடலுக்குக் கொண்டுபோவதுமில்லை. கிழிசலை விரித்துப் பார்த்து, கண்ணுக்குக் கண் முடிச்சுப் போடுகிறார்கள். செபதேயுவின் மக்களை ஆண்டவர் அழைத்தபோது அவர்களும் இந்த வேலையிலேயே இருந்தனர். பொறுமையும் காலமும் வேண்டிய வேலை அது. மன்னிப்பும் அவ்வாறே ஒரே இரவில் முடிந்துவிடுவதில்லை. ஒரு முடிச்சாவது இன்று போட்டால் போதும்.

அடுத்த ஞாயிறு நாம் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, பத்தாவது பிரிவு வருகையில் நாவைச் சற்றே நிறுத்தி, அந்த ஒரு பெயரை நெஞ்சில் நினைப்போம். பின்னர் சொல்வோம். அப்போது நமது ஆமென் உண்மையான ஆமெனாக ஒலிக்கும். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களுக்குத் தமது சமாதானத்தை அருள்வாராக.